செவிட்டுக் கொத்தளத்தின் பதில்

மணி ஏழரைன்னு வச்சுக்குங்க. நிலவாசல்... பழைய கோட்டையின் தரைப்பக்கத்து வாசல். அதுக்கு மேலே மதில்... மதிலுக்கு மேலே நடைபாதை. வாசலிலிருந்து செவிட்டுக் கொத்தளம் வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு தப்படி. இடுப்பளவு கைப்பிடிச் சுவர். விளக்கு கிடையாது. ஒரு பக்கம் நம்ம ஊர்க் கூரைகள். இன்னொரு பக்கம் சுவருக்கு வெளியே விட்ட பேட்டைகள். நடுவில் கல்... அந்தக் கல் பகலெல்லாம் குடித்த வெயிலை மூச்சு மாதிரி வெளியே விடுகிற நேரம்...

"நிறுத்து," என்றாள் சிலா. "மெழுகுவத்தியை உன் மூஞ்சிக்கு நேரா வைக்கிறேன். நீ கதை சொல்றியா துணி விக்கிறியான்னு மூஞ்சியைப் பார்த்தாத்தான் தெரியும், துருக்கி."

இந்தக் கம்பேச்சே ஊரில் என்னைத் துருக்கி என்பார்கள். என் தாத்தா வந்தது லெபனானிலிருந்து. வித்தியாசத்தை மூன்று தலைமுறையாகச் சொல்லிப் பார்த்து, இப்போது துருக்கி விலையிலேயே விற்றுக்கொண்டிருக்கிறோம்.

நவம்பர் மாதம். வடக்கன் காற்று மூன்று நாளாக விடாமல் அடிக்கிறது. சிலா வீட்டு முன்னறையில் ஆறு பேர், எப்போதும் போல லொத்தேரியா ஆடிக்கொண்டிருந்தோம். நான் படத்தின் பெயரைக் கூவுவேன், மற்றவர்கள் அட்டையில் சோளமணி வைப்பார்கள். வெறுமனே கூவமாட்டேன். பாதிரியார் குரலில் 'மரணம்', நகராட்சித் தலைவர் குரலில் 'திருடன்', சிலா குரலில் 'கிளி'. அதற்காகவே ஆட வருகிறவர்கள் உண்டு. 'படகு' என்று கூவ வாயெடுத்தேன்... பட்டென்று மின்சாரம் போனது. தகரக் கூரை தடதடத்தது. தெருவில் போன யாரோ எதையோ கேட்டார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த சிலா அரைச் சிரிப்போடு ஏதோ பதில் குரல் கொடுத்தாள். காற்றில் இரண்டுமே எனக்குச் சரியாக விழவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. மெழுகுவத்தி தேடி, சோளமணிகளைப் பொறுக்கி, மழையைத் திட்டி முடிக்கவே அரை மணி ஆனது. அப்புறம்தான் வில்பெர்ட் ஆரம்பித்தான், பேய்க் கதை வேண்டும் என்று. பின்கட்டு மாடியில் குடியிருக்கும் பையன், மருந்துக் கடையில் வேலை. எதையும் நம்பமாட்டான், தலைவலி மாத்திரை உட்பட.

"உண்மையா நடந்ததா இருக்கணும் தோன் எலியாஸ்," என்றான், என்னை மரியாதையாக 'தோன்' போட்டு. "யாரோ சொன்னாங்க, யாரோ பார்த்தாங்கன்னு வேணாம்."

"என் சிநேகிதன் ஒருத்தனோட மச்சானுக்கு நடந்தது," என்றேன்.

"எந்தச் சிநேகிதன்?" என்றாள் சிலா. "நெமேசியோ கதைதானே? அவன் உன் மச்சான்டா! உன் பெண்டாட்டி கூடப்பொறந்தவன்! கட்டின உறவைக் கூடக் கழிச்சு விலை சொல்றானே இந்த ஆளு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சரி. என் மச்சான்தான். நெமேசியோ. முப்பத்தோரு வருஷம் முந்தி, நிலவாசல் காவல்காரன். மதிலைப் பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலம் இறக்கிவிட்டு, படிக்கட்டின் அடியில் இருக்கும் இரும்புக் கதவைப் பூட்டுவது அவன் வேலை. அந்தக் கோடியில், செவிட்டுக் கொத்தளத்தில், எர்மீலோ என்று இன்னொருத்தர். அறுபது வயசுக்குப் பக்கம். சான் ரொமான் பேட்டைக்காரர், சுவருக்கு வெளியே பிறந்தவர். அதை வைத்து எல்லாரும் அவரைச் சீண்டுவோம். "கடற்கொள்ளைக்காரன் வந்தப்ப உங்க தாத்தனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினோம். இப்ப உங்ககிட்டயே காவல் குடுத்திருக்கோம் பாருங்க." அவர் பதிலே சொல்லமாட்டார். தொண்டையில் கற்பூரத் தைலம் தடவிக்கொண்டு சிரிப்பார். அவருக்குத் தொண்டை கெட்டுப்போன குரல்... தகரத்தில் ஆணி கீறின மாதிரி. தூரத்திலிருந்தே தைல வாசனை வரும். ஆள் அப்புறம்தான் வருவார்.

இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. சுவர் கட்டின காலத்து வழக்கம். அப்போது எட்டுக் கொத்தளத்திலும் ராத்திரி முழுக்கக் காவலாளிகள் நிற்பார்களாம். கால் மணிக்கு ஒரு தரம் ஒருத்தன் அடுத்தவனைக் கூப்பிடுவான், "முழிப்பா?" அவன், "முழிப்புதான்!" என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கேட்பான். அப்படியே ஊரைச் சுற்றிக் குரல் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். எங்கேயாவது குரல் நின்றால், அங்கே ஆள் தூங்குகிறான், இல்லை, ஆளே இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். சுவரில் பாதியை இடித்து வீடு கட்டிக்கொண்டோம். இந்த முன்னறைக் கல்லெல்லாம் அந்தச் சுவர்க் கல்தான். ஆனாலும் வார்த்தை போகவில்லை. இன்றைக்கும் இருட்டில் தெருவோடு போகிறவன் கதவிடுக்கில் ஆள் அரவம் கேட்டால் "முழிப்பா?" என்பான். உள்ளே இருக்கிறவள் "முழிப்புதான்" என்பாள். யாரென்று கூடக் கேட்பதில்லை.

நெமேசியோவுக்கு அது விளையாட்டில்லை. ஏழரைக்கு வாசல் மேலே ஏறி நிற்பான். "முழிப்பா?" அந்தக் கோடியிலிருந்து எர்மீலோ, "முழிப்புதான்!" அப்படியென்றால், ஆட்களை இறக்கியாயிற்று, நானும் என் பக்கத்துக் கதவு வழியாக இறங்கப் போகிறேன், நீ பூட்டலாம் என்று அர்த்தம். பதில் வரவில்லை என்றால் நானூற்றுப் பன்னிரண்டு தப்படியும் நடந்து போய்ப் பார்க்கவேண்டும். செவிட்டுக் கொத்தளம் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. காற்று ஒரு பக்கமாக அடித்தால் அங்கே கூப்பிட்டது விழாது. வாரத்துக்கு ஒரு நாளாவது நடப்பான். முனகாமல் நடப்பான்.

பதில் வந்ததும் உடனே பூட்டிவிடவும் மாட்டான். முதலில் காவல் நோட்டு. உருண்டை உருண்டையான எழுத்து. 'கூப்பிட்டது: 7.30. பதில்: வந்தது. பூட்டு.' எழுதி, ஊதிக் காயவைத்து, அப்புறம் சாவி. பூட்டினபின் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். டக்... டக். "ம்" என்பான். அப்புறம்தான் மனுஷனோடு பேச்சு.

ஆகஸ்டு மாதம், சனிக்கிழமை. ஊர் முழுக்கப் பேஸ்பால் பைத்தியம். நம்ம அணி தோற்றால் வீட்டுக்கு, ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கு. அணி பேர் தெரியும்தானே? கடற்கொள்ளையர்கள். கொள்ளைக்காரனுக்குப் பயந்து கட்டின சுவரைப் பூட்டிவிட்டு, கொள்ளைக்காரனைப் பார்க்கக் காவல்காரனே ஓடுகிற ஊர் நம்ம ஊர்.

எட்டு மணிக்கு ஆட்டம். ஏழு பத்துக்கே மச்சானைக் கூட்டிப்போகச் சரக்கு வண்டியோடு ஒருத்தன் வந்து நின்றான். கையில் இரண்டு டிக்கெட்.

"ஒருத்தன் இல்லை, இவன்தான்," என்றாள் சிலா.

"நான்தான். என் கூடவே நீயும் கதை விக்கிறியா?"

"நீ எடை குறைச்சுப் போட்டா நான் எடுத்துச் சொல்லணும்ல?"

"மச்சான், இப்பவே பூட்டு," என்றேன். "மேலே ஒரு பூனைகூட இல்லை. கீழேயிருந்தே தெரியுது."

"ஏழரைக்கு," என்றான்.

"இருபது நிமிஷம் முன்னாடி பூட்டினா ஸ்பானிய ராஜா கப்பல்ல வந்து கேட்பாரா?"

"ராஜா கேக்கமாட்டார். நோட்டு கேக்கும்."

ஏழரை. மேலே ஏறினான். கீழே நான், வண்டிக்குப் பக்கத்தில். இலையில் பொதிந்த சோளப் பண்டம், தாமாலே, விற்கிற கிழவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வேகவைத்த வாழையிலை வாசனை. தூரத்தில் மைதானத்துப் பறை... தம், தம், தம்.

"முழிப்பா?"

ஒன்றுமில்லை.

கொஞ்சம் பொறுத்தான். கையைக் குவித்து மறுபடி, "முழிப்பாஆ?"

ஒன்றுமில்லை... அப்புறம்... வந்தது. தகரத்தில் ஆணி. "முழிப்புதான்!"

இறங்கினான். எழுதினான். ஊதினான். பூட்டினான். டக், டக். "ம்." போனோம். ஐந்தாவது இன்னிங்ஸில் மழை கொட்டி ஆட்டமே நின்றுபோனது. விடிய விடிய மழை.

காலை ஆறு மணிக்கு வாசல் பெருக்க வந்தவள் அலறினாள். இரும்புக் கதவுக்கு உள்பக்கம், கடைசிப் படியில், எர்மீலோ. கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வெளியே... தோள்பட்டை வரைக்கும். விறைத்துப்போன கை. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது, சில்லறை கேட்கிற மாதிரி. நகமெல்லாம் சுண்ணாம்பு. மேலே நடைபாதையில் மழை கழுவியும் போகாத இழுபட்ட தடம்... நானூற்றுப் பன்னிரண்டு தப்படி நீளத்துக்கு. கொத்தளத்து வெடிமருந்துக் குழியின் படியில் விழுந்து தலையில் அடி, இடுப்பெலும்பு முறிவு. தன் பக்கத்துக் கதவின் சாவியை அந்த இருட்டுக் குழியிலேயே தவறவிட்டிருந்தார். அவர் மனைவி எவுசேபியா, நாங்கள்தான் ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருப்போம் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

டாக்டர் சொன்னார், விழுந்தது ஆறு மணிக்கு முன்னால். நடு இரவு வரைக்கும் நினைவே இருந்திருக்காது. நினைவு வந்தபின்தான் தவழ்ந்திருக்கிறார். விடிகாலை நாலு மணிவாக்கில் உயிர் போயிருக்கிறது.

அப்படியானால் ஏழரைக்கு "முழிப்புதான்" சொன்னது யார்?

மெழுகுவத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. யாரும் சோளமணியைத் தொடவில்லை.

வில்பெர்ட்தான் முதலில் தொண்டையைச் செருமினான். "இது எங்க கடை முதலாளியே சொல்ற கதை. உடம்பு அங்க கிடக்கு, உயிரு பதில் சொல்லிச்சு. அவ்வளவுதானே? புதுசா ஒண்ணுமில்லையே."

"ஊர் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சது ரொம்பப் பின்னாடி," என்றாள் சிலா. அவள் குரலில் கிண்டல் இல்லை. "முதல்ல நாங்க எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னோம். நெமேசியோ பொய் சொல்றான். ஆட்டம் பார்க்கிற அவசரத்துல கூப்பிடவேயில்லை. கூப்பிடாமலே நோட்டுல எழுதிட்டான். வேலையை விட்டு எடுத்தாங்க. தெருவுல போனா பின்னாடியே கத்துவாங்க, 'முழிப்பா, நெமேசியோ?' நானும் கத்தியிருக்கேன். ஒரு நாள் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோவமில்லை. 'நான் கூப்பிட்டேன் சிலா, பதில் வந்துச்சு' அப்படின்னான். நான் சிரிச்சேன்."

மழை சற்று ஓய்ந்து மறுபடி பிடித்தது.

"எல்லார் குரலும் பண்றீங்களே," என்றான் வில்பெர்ட், பேச்சை மாற்ற நினைத்து. "அந்த எர்மீலோ குரல்ல ஒரு தரம் சொல்லிக் காட்டுங்க தோன் எலியாஸ். கதைக்கு எடுப்பா இருக்கும்."

"அது எனக்கு வராது."

"வராதா?" என்றாள் சிலா. "என் கல்யாணத்துலயே பண்ணினியே! எர்மீலோவே விழுந்து விழுந்து சிரிச்சாரு. எவுசேபியா இருட்டுல ரெண்டு குரலும் ஒண்ணாத்தான் இருக்குன்னு..."

நடுவிலேயே நின்றுவிட்டாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தேன். 'படகு' படத்துக்கு மேலே யாரோ முன்கூட்டியே ஒரு மணி வைத்திருந்தார்கள். நான் இன்னும் கூவவேயில்லை.

"ரெண்டாவது தரம் கூப்பிட்டான்," என்றேன். "பதில் வரலை. இனிமே நடக்கப் போறான்னு தெரிஞ்சுபோச்சு. போக நானூறு, வர நானூறு, அதுக்கப்புறம் நோட்டு. முதல் இன்னிங்ஸ் போயிடும். காத்து மேலே, குரல் எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு தெரியாது. நான் வாசல் தூணுக்குப் பின்னாடி. கையைக் குவிச்சேன்... ஒரு வார்த்தை. தாமாலே கிழவிகூடத் திரும்பிப் பார்க்கலை. அவ்வளவு நல்லா வந்துச்சு."

கூரையிலிருந்து ஒழுகின நீர் வாளியில் சொட்டியது. டொக்... டொக்...

"விளையாட்டுக்குத்தான்," என்றேன். "எர்மீலோ எங்கேயோ குந்திச் சுருட்டுப் பிடிச்சிட்டிருப்பார்னு நினைச்சேன். மைதானத்துல உக்காந்ததும் மச்சான்கிட்டச் சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். மழை வந்துடுச்சு."

"சொல்லியிருக்கலாமே," என்றாள் சிலா. மெதுவாக. "மறுநாள். அதுக்கு மறுநாள்."

சொல்லியிருக்கலாம். நான் சந்தையில் பிறந்து வளர்ந்தவன். சாயம் போகாது என்று ஆயிரம் முழம் சத்தியம் செய்திருக்கிறேன். பொய்யென்று துவைத்தால் தெரிந்துவிடும், திட்டிவிட்டு மறுபடி என் கடைக்கே வருவார்கள். இதையும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்தால் படியும், நாளைக்குச் சொன்னால் மலிவாக முடியும் என்று. ஆனால் இந்தச் சரக்கு ஒவ்வொரு நாளும் ஏறியது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு அறை வாங்கியிருப்பேன். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் என் பெண்டாட்டி ஒதிலியா என்னோடு இருக்கமாட்டாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். ஒரு வருஷம் ஆனபோது... அதைச் சொல்ல எனக்கு வாயே இல்லை.

வேலை போனபிறகும் நெமேசியோ தினமும் ஏழரைக்கு மதிலடியில் வந்து நிற்பான். மேலே பார்த்து, "முழிப்பா?" அந்தப் பதில் இன்னொரு தரம் வந்தால் போதும் அவனுக்கு. பக்கத்தில் ஒரு ஆள் கேட்டுவிட்டால் போதும். புதுக் காவல்காரன் கல்லை விட்டெறிவான். ஒரு நாள் சாயங்காலம் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், அன்னிக்கு நீ கீழதானே நின்னே? உனக்கும் கேட்டுச்சில்ல? எர்மீலோ குரல்... ஒரு தரம்?"

ஆம் என்று ஒரு வார்த்தை போதும். அது பொய்கூட இல்லை.

"காத்து மச்சான்," என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலை."

கையை விட்டான். "ம்" என்றான்.

அடுத்த ஆகஸ்டில், எர்மீலோ செத்துச் சரியாக வருஷம் திரும்பின நாளில், எப்படியோ சாவியையும் காவல் நோட்டையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறான். காலையில் புதுக் காவல்காரன் வந்து பார்த்தால் இரும்புக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. சாவி உள்ளேயே தொங்குகிறது. கம்பிக்கு அந்தப் பக்கம், படிமேல் காவல் நோட்டு, விரித்து வைத்தபடி. உருண்டை எழுத்து. 'கூப்பிட்டது: 7.30. பதில்: வரவில்லை. பார்க்கப் போகிறேன்.'

நானூற்றுப் பன்னிரண்டு தப்படியும் தேடினார்கள். கொத்தளம், வெடிமருந்துக் குழி, மதிலடிப் புதர், பிறகு கடல். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

"அப்புறம்?" என்றான் வில்பெர்ட். அவன் நாற்காலி மெழுகுவத்திக்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருந்தது.

அப்புறம்... அதற்கும் அடுத்த ஆகஸ்டில் முதல் தரமாகக் கேட்டது. கடைக் கதவை இறக்கிக்கொண்டிருந்தேன். ஏழரை. நிலவாசல் பக்கமிருந்து, "முழிப்பா?" எவனோ குடிகாரன் என்று நினைத்தேன். மறுநாளும். அதற்கு மறுநாளும். தெருவில் போகிறவர்கள் யாரும் திரும்பவில்லை. எனக்கு அந்தக் குரல் தெரியும். பன்னிரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எதிரே கேட்ட குரல். சாகிறவரைக்கும் ஒதிலியாவுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடிப்போய்ப் பதில் சொல்லியிருப்பாள்.

நான் சொல்லவில்லை. ஒரு தரம்கூட. இந்த வாயால் அந்த வார்த்தையை இனிமேல் எப்படிச் சொல்வது?

ஆனால் பதில் வரவில்லை என்றால் நடந்து போய்ப் பார்ப்பதுதான் வழக்கம். நெமேசியோ வழக்கத்தை மீறுகிறவனில்லை. இரண்டாவது வருஷம் குரல் வாசலில் இல்லை, தையல்காரர் முனையில். நாலாவது வருஷம் மீன் சந்தைத் திருப்பத்தில். ஒரு வருஷத்துக்குப் பத்துத் தப்படி, பதினைந்து தப்படி... அவசரமில்லாமல். வீடு மாற்றிப் பார்த்தேன். அவனும் திசை மாற்றிக்கொண்டான். அதனால்தான் ஏழரைக்கு நான் தனியாக இருப்பதில்லை. ஏழு மணிக்கே இங்கே வந்து உட்கார்ந்து, பாதிரியார் குரலிலும் நகராட்சித் தலைவர் குரலிலும் தொண்டை கிழியக் கூவுகிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் ஏழரை கடந்துவிடும்.

"போன வாரம்," என்றேன், "இந்தத் தெரு முனையில இருக்கிற மருந்துக் கடைப் பலகைக்குக் கீழே கேட்டுச்சு."

"எங்க கடையா?" என்றான் வில்பெர்ட். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

சிலா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மெழுகு உருகி அவள் விரலில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"எலியாஸ்," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தரம். "என்ன கேப்பான்? 'முழிப்பா' மட்டும்தானா?"

"அவ்வளவுதான்."

"லைட் போனப்ப... தெருவுல ஒருத்தன் கேட்டானே. இந்தப் படிமேலயே நின்னு. நான் வில்பெர்ட்டோட கூட்டாளி எவனோன்னு..."

"நீ என்ன சொன்னே?"

"எல்லாரும் சொல்றதைத்தான்." அவள் தெருக்கதவைப் பார்த்தாள். "முழிப்புதான்னேன்."

வில்பெர்ட் லைட்டரைத் தட்டிச் சுவரில் பிடித்தான். அங்கே மின்சாரக் கடிகாரம், விளக்கு போன நொடியிலேயே நின்றிருந்தது. ஏழு முப்பது.

"நான் போறேன்," என்றான் அவன். யாரையும் பார்க்காமல் எழுந்து தெருக்கதவின் கைப்பிடியைத் திருகினான். தோள் கொடுத்து இழுத்தான். கதவு வரவில்லை. "தோன்யா சிலா, பூட்டியிருக்கு."

"பூட்டலையே," என்றாள் சிலா. "நான் பூட்டவேயில்லையே. சாவி அந்தா, ஆணியில தொங்குது."

தொங்கியது. ஆடாமல் தொங்கியது.

எனக்குப் பின்னால், அறையின் இருட்டுப் பக்கத்திலிருந்து, கற்பூரத் தைல வாசனை வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே, படிமேல், காய்வதற்காக எதையோ யாரோ நிதானமாக ஊதினார்கள். அப்புறம் கதவை அந்தப் பக்கமிருந்து இழுத்துப் பார்த்தார்கள்.

டக்... டக்.

"ம்."